பேடில் ஷிஃப்டர்: முதலில் பழக வேண்டியது இடது பக்கம்

ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்களில் பலர், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில் ஷிஃப்டர் என்ற அந்த இரண்டு சின்னத் தகடுகளை முதல் வாரம் இழுத்துப் பார்ப்பதோடு சரி. வலது பக்கம் "+" போட்டிருக்கும். இழுத்தால் கியர் ஒன்று ஏறும். இடது பக்கம் "−". இழுத்தால் ஒன்று இறங்கும். ரேஸ் காரிலிருந்து வந்த பொருள் என்பதால், வேகமாகப் போவதற்குத்தான் இது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அன்றாட ஓட்டத்தில் இதன் உண்மையான பயன் வண்டியை அடக்குவதில் இருக்கிறது. மலையிறக்கத்தில் இடது பேடிலைப் பயன்படுத்தத் தெரிந்தவர் பிரேக்கை அவ்வப்போது மட்டும் மிதித்து இறங்கிவிடுவார். தெரியாதவர் லீவரை டி-யிலேயே, அதாவது கியர் தானாக மாறும் டிரைவ் நிலையிலேயே விட்டு, காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்து, பாதி வழியில் கருகல் வாசனையோடு ஓரம் கட்டுவார். ஆகவே இந்த வழிகாட்டியில் இடது பேடிலுக்குத்தான் அதிக இடம்.

1. உங்கள் வண்டியில் எந்தக் கியர்பாக்ஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேடில் ஒரு சுவிட்ச் மட்டும்தான். நீங்கள் இழுப்பது கோரிக்கை. மாற்றலாமா கூடாதா என்று முடிவு செய்வது கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரின் கீழே எந்த வகைப் பெட்டி இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பேடிலின் குணம் மாறும்.

டார்க் கன்வெர்ட்டர், அதாவது எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியருக்குக் கடத்தும் வகை: மாருதி பிரெஸ்ஸா, எர்டிகா ஆட்டோமேட்டிக், ஸ்கோடா ஸ்லாவியா 1.0 லிட்டர் போன்றவை. இழுத்தபின் ஒரு நொடிக்கும் குறைவான தாமதம் இருக்கும். மாற்றம் மென்மையாக நடக்கும். பேடில் பழக இதுதான் எளிய பெட்டி.

டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச்: ஹூண்டாய் வெர்னா டர்போ, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் 1.5 லிட்டர், டாடா நெக்ஸான் பெட்ரோல் டிசிஏ (டிசிடி-க்கு டாடா வைத்த பெயர்). இழுத்த கணமே கியர் விழும். ஆனால் உள்ளே இருப்பது நிஜமான கிளட்ச். ஊர்ந்து போகும்போது அது வழுக்கும், சூடாகும். பேடில் இருப்பதால் இந்தக் குணம் மாறிவிடாது.

சிவிடி: ஹோண்டா சிட்டி பெட்ரோல் நல்ல உதாரணம். இதில் கியர் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. பேடில் இழுத்தால் கம்ப்யூட்டர் ஏழு படிகளை உருவாக்கிக் காட்டுகிறது. படிகள் செயற்கை என்றாலும் எஞ்சின் பிரேக்கிங், அதாவது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது, நிஜமாகவே கிடைக்கும்.

ஏஎம்டி: ஹூண்டாய் எக்ஸ்டரில் ஏஎம்டி-க்கும் பேடில் கொடுத்திருக்கிறார்கள். கிளட்ச் மிதித்துக் கியர் போடும் வேலையை இயந்திரம் செய்கிறது, அவ்வளவே. மாறும் நேரத்தில் ஒரு தொய்வு இருக்கும். ஏற்றும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்தத் தலையாட்டல் குறையும்.

பேட்டரி காரிலும், எஞ்சினோடு மின்மோட்டாரும் வண்டியை ஓட்டும் ஸ்ட்ராங் ஹைப்ரிடிலும் பேடில் வேறு வேலை பார்க்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

2. வண்டி நிற்கும்போதே கையேட்டைத் திறங்கள்

வண்டியோடு வந்த உரிமையாளர் கையேட்டில் பேடிலுக்கு இரண்டு பக்கம்தான் இருக்கும். அந்த இரண்டு பக்கத்தை விட்டுவிட்டு வீடியோ பார்த்துப் பழகாதீர்கள். வேறு மாடலின் பழக்கம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். குறிப்பாக இவற்றைத் தேடிப் படியுங்கள்.

டி-யில் இருக்கும்போது பேடிலை இழுத்தால் என்ன ஆகும்? பெரும்பாலான வண்டிகளில் தற்காலிக மேனுவல் நிலைக்குப் போகும். திரையில் டி-க்குப் பக்கத்தில் கியர் எண்ணோ, மேனுவலைக் குறிக்கும் எம் என்ற எழுத்தோ வரும். கொஞ்ச நேரம் சீராக ஓட்டினால், அல்லது வேகம் மிகவும் குறைந்தால், தானாகவே டி-க்குத் திரும்பிவிடும். எத்தனை நொடி, எந்த வேகம் என்பது மாடலுக்கு மாடல் வேறு.

நிலையான மேனுவலுக்கு எப்படிப் போவது? லீவரை எம் பக்கம் தள்ள வேண்டும். சில வண்டிகளில் எஸ் (ஸ்போர்ட்) நிலையில் வைத்துவிட்டுப் பேடிலை இழுக்க வேண்டும். இந்த நிலையில் நீங்களாக மாற்றும்வரை வண்டி டி-க்குப் போகாது. மலைக்கு இதுதான் வேண்டும்.

டி-க்குத் திரும்புவது எப்படி? பல மாடல்களில் "+" பேடிலை ஓரிரு நொடி இழுத்தபடியே பிடித்தால் போதும். லீவரை எம்-மில் வைத்திருந்தால் அதை டி-க்குத் தள்ள வேண்டும்.

எஞ்சின் சுழற்சி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் தானாக ஏற்றுமா? சில வண்டிகள் ஏற்றிவிடும். சில ஏற்றாது, எஞ்சின் அந்த வரம்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஓவர்டேக் நடுவே இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

படித்ததும் எஞ்சினை அணைத்த நிலையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை மூன்று மணி, ஒன்பது மணி இடத்தில் பிடியுங்கள். கட்டைவிரல் முன்பக்கம் இருக்கட்டும். ஆள்காட்டி அல்லது நடுவிரல் நீட்டினால் பேடில் எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் சரி செய்யுங்கள். பேடிலுக்காகப் பிடியைத் தளர்த்துவது தவறான பழக்கம்.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் ஊரில் விற்கும் கார்களில் பெரும்பாலும் பேடில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுழலும். ஆல்ஃபா ரோமியோ ஜூலியா போன்ற சிலவற்றில் மட்டும் அது ஸ்டீயரிங் தண்டின் உறையில் (ஸ்டீயரிங் காலம்) சுழலாமல் நிலையாக இருக்கும். சுழலும் வகையில் ஸ்டீயரிங்கை அரை வட்டம் திருப்பினால் "−" பேடில் வலது பக்கம் வந்துவிடும். கொண்டை ஊசி வளைவின் நடுவே கியர் இறக்கப் போய் ஏற்றிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது. வளைவுக்கு முன்பே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே, கியர் மாற்றி முடித்துவிடுங்கள்.

3. சமதளத்தில் ஒரு மணி நேரம்

ஆளில்லாத, நேரான, ஈரமில்லாத சாலையாகப் பாருங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊருக்கு வெளியே இருக்கும் சர்வீஸ் ரோடு போதும். பின்னால் வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

டி-யில் 40 கி.மீ. வேகத்தில் போங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வண்டி மெதுவாக உருளும். இப்போது இடது பேடிலை ஒருமுறை இழுத்து விடுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு கியர். ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) முள் ஏறும், எஞ்சின் சத்தம் கூடும், வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். அதுதான் எஞ்சின் பிரேக்கிங். இன்னொரு முறை இழுங்கள், பிடி இறுகும். பிறகு "+" பேடிலைப் பிடித்து டி-க்குத் திரும்புங்கள். எத்தனை இழுப்பில் எவ்வளவு பிடிக்கிறது என்பது கைக்குப் பழகும்வரை இதையே செய்யுங்கள்.

சத்தம் கூடியதும் எஞ்சினுக்கு ஏதோ ஆகிறது என்று பயந்து கைவிடுகிறவர்கள் உண்டு. 3,500 ஆர்பிஎம் எந்த நல்ல பெட்ரோல் எஞ்சினுக்கும் சுமையே அல்ல. அதோடு, கால் எடுத்த நிலையில் கியர் பிடித்திருக்கும்போது இன்றைய எஞ்சின்கள் பெட்ரோல், டீசல் பாய்ச்சுவதையே நிறுத்திவிடுகின்றன. ஐட்லிங் வேகத்துக்குப் பக்கத்தில் வரும்போதுதான் மறுபடி தொடங்கும். எஞ்சின் கத்துகிறதே, எரிபொருள் போகிறதே என்ற கவலை வேண்டாம்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பெரிய உதவி. ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகளில் 3-லிருந்து 2-க்கு இறக்கினால் ஆர்பிஎம் சுமார் ஒன்றரை மடங்காகும். 2-லிருந்து 1-க்கு ஒன்றேமுக்கால் மடங்கு. மேல் கியர்களில், அதாவது 5-லிருந்து 4-க்கு, மூன்றில் ஒரு பங்குதான் கூடும். ஆக, 3-ஆம் கியரில் 2,000-இல் இருப்பவர் இரண்டுக்கு இறக்கினால் 3,000. அதே வேகத்தில் ஒன்றுக்கு இறக்கினால் 5,000-ஐத் தாண்டும். முதல் கியருக்குப் போகும் முன் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

நீங்கள் கணக்குத் தவறினாலும் வண்டி காப்பாற்றும். ஆர்பிஎம் எல்லை மீறும் என்றால் கம்ப்யூட்டர் கியரை இறக்காது. ஒரு பீப் சத்தம் வரலாம், எண் மின்னலாம், சில வண்டிகளில் ஒன்றுமே வராது. அப்போது பதறித் திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். பிரேக் மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு ஒருமுறை இழுங்கள். இரண்டு பேடிலையும் ஒரே நேரத்தில் இழுத்தால் பல வண்டிகளில் எதுவும் நடக்காது.

4. மலையிறக்கம்: இங்கேதான் பேடிலின் வேலை

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்குப் பக்கம். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல் ஏழரை யூனிட் மின்சாரத்துக்கும் மேல். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் டிஸ்க்கில் வெப்பமாகச் சேரும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரப்பதம் உறிஞ்சிப் பழசானதற்கு அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் குமிழி வரும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இறங்கும் முன், மேலேயே, வண்டி மெதுவாக இருக்கும்போது எம் அல்லது எஸ் நிலைக்கு மாறுங்கள். டி-யில் வைத்துக்கொண்டு பேடிலை மட்டும் நம்பினால் தற்காலிக நிலை உங்களுக்குத் தெரியாமல் முடிந்து, அடுத்த சரிவில் வண்டி திடீரென்று இலேசாக ஓடும். எம் நிலையே இல்லாத வண்டியென்றால், ஒவ்வொரு வளைவு முடிந்ததும் திரையில் கியர் எண்ணைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

எந்தக் கியர்? ஏறும்போது அந்த இடத்தில் எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர் என்பது லாரி ஓட்டுநர்களின் பழைய கணக்கு. அது இன்றும் சரி. ஆறு கியர் பெட்டியில் 2-ஆம் கியர் 25 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 2,000 ஆர்பிஎம், 35-இல் 2,800. சாதாரண சரிவுக்கு இது போதும். கொல்லிமலையின் 70 வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 வளைவுகள் போன்ற செங்குத்தான இடங்களில் 2-ஆம் கியரிலும் வண்டி வேகம் பிடிக்கும். 20-க்குக் கீழே கொண்டுவந்து முதல் கியருக்கு இறக்குங்கள். ஆழியாறு–வால்பாறை சாலையில் நேரான பகுதிகளுக்கு 3, வளைவை நெருங்கும்போது 2 என்று மாறி மாறி வரும்.

எந்தக் கியரில் இருந்தாலும் காலை எடுத்தபின் வேகம் கூடிக்கொண்டே போனால், கியர் ஒன்று அதிகம் என்று அர்த்தம். பெட்ரோல் வண்டியில் 2,500 முதல் 3,500 வரை, டீசலில் 2,000 முதல் 3,000 வரை முள் இருக்கட்டும். 1,500-இல் ஓடும் எஞ்சின் எதையும் பிடித்து நிறுத்தாது.

வரிசை முக்கியம்: முதலில் பிரேக், பிறகு பேடில், பிறகு வளைவு. பிரேக்கை இலேசாகத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராதீர்கள். அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

பேடிலால் வேகம் குறையும்போது பின்னால் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் நெருக்கி வரும் பஸ்ஸுக்கு நீங்கள் மெதுவாவது தெரியாது. இடது பேடிலை இழுக்கும் முன் பிரேக் பெடலைச் சும்மா தொட்டு விளக்கைக் காட்டுங்கள்.

மழை பெய்து சாலை வழுக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு கியர் இறக்காதீர்கள். முன்சக்கர இயக்க வண்டியில் ஓட்டும் சக்கரத்துக்கே முழு இழுவையும் வரும். டயர் பிடி விட்டால் ஸ்டீயரிங்கும் போகும். நேரான இடத்தில், ஒவ்வொன்றாக இறக்குங்கள். கேரளப் பக்கத்து மழைக்காலச் சாலைகளில் பாசி படிந்த வளைவுகளுக்கு இது கட்டாயம்.

நியூட்ரலில் உருட்டாதீர்கள். எஞ்சினை அணைக்கவே கூடாது. பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் அதோடு போய்விடும். எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் குறுகலான மலைப்பாதையில் முன்னுரிமை. நின்று வழி விடுங்கள். நின்றபோது வண்டி தானாக முதல் கியருக்கு வந்திருக்கும். கிளம்பியதும் வேண்டிய கியரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கருகல் வாசனை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும்.

5. மலையேற்றம்

டி-யில் ஏறினால் கம்ப்யூட்டர் தடுமாறும். வளைவில் கால் எடுத்ததும் 3-க்கு ஏற்றும். வளைவு முடிந்து மிதித்ததும் 2-க்கு இறக்கும். அந்த இடைவெளியில் வண்டி தொய்யும். எம்-மில் 2 என்று பிடித்துவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களை 1,800-க்குக் கீழே விழ விடாதீர்கள், டர்போ தூங்கிவிடும்.

டிசிடி வைத்திருப்பவர்கள் ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொட்டுத் தொட்டு வண்டியை நிறுத்திப் பிடிக்கவே கூடாது. அப்படிச் செய்தால் கிளட்ச் வழுக்கிச் சூடாகும். திரையில் எச்சரிக்கை வரும். அதையும் மீறினால் வண்டி நகர மறுக்கும். பிரேக்கில் நில்லுங்கள். முன்வண்டி ஒரு வண்டி நீளமாவது நகர்ந்தபின் ஒரே மூச்சில் கிளம்புங்கள். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் வசதி ஓரிரு நொடிக்குத்தான் பிடிக்கும்.

6. ஓவர்டேக்

இருவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது பலரும் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்கிறார்கள். பெட்டி யோசித்துக் கியர் இறக்கும்வரை ஒரு நொடி போகிறது, அதுவும் எதிர்ப்பாதையில் இருக்கும்போது. பேடில் இருந்தால் அந்த நொடியை உங்கள் பாதையிலேயே செலவழித்துவிடலாம். 80 கி.மீ. வேகத்தில் 6-ஆம் கியர் 1,800 ஆர்பிஎம்-இல் இருக்கும். லாரியின் பின்னால், போதுமான தூரத்தில் இருக்கும்போதே இடது பேடிலை இரண்டு முறை இழுங்கள். 4-ஆம் கியர், 3,100 ஆர்பிஎம். எஞ்சின் தயார். எதிரே காலி என்று உறுதியானதும் மிதியுங்கள். காலியில்லை என்றால் காத்திருங்கள். நேரம் நீண்டால் "+" பேடிலைப் பிடித்து டி-க்குப் போய்விடுங்கள்.

தாண்டும் நடுவில் பேடிலைத் தொடாதீர்கள். தானாக ஏற்றாத வகை வண்டியில் 3-ஆம் கியர்வரை இறக்கினால், லாரியின் பாதி நீளத்தில் சிவப்புக் கோட்டை முட்டி இழுவை அறுந்துபோகும். 4-லேயே முடிக்கப் பாருங்கள்.

7. நகரத்தில்: டி-யிலேயே விடுங்கள்

கிண்டி சிக்னலில் பேடிலுக்கு வேலையில்லை. மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது ஒருமுறை, தூரத்தில் வேகத்தடை தெரியும்போது ஒருமுறை என்று பயன்படுத்தினால் போதும். பிரேக் பேட் மிச்சமாகும் என்று ஒவ்வொரு சிக்னலுக்கும் கியர் இறக்குகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முன்பக்க பிரேக் பேட் மாற்ற சில ஆயிரம் ரூபாய். டிசிடி-யின் கிளட்ச் தொகுதி மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சத்தைத் தொடும். தேய வேண்டியது தேயட்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. டிசிடி, ஏஎம்டி வண்டிகளில், ஊர்ந்து நகரும் நெரிசலில் பெட்டி 1-க்கும் 2-க்கும் இடையே அலைந்துகொண்டே இருக்கும். அப்போது எம்-மில் 1 என்று வைத்துவிட்டால் அந்த அலைச்சல் நிற்கும். நெரிசல் விட்டதும் டி-க்குத் திரும்ப மறக்காதீர்கள். முதல் கியரிலேயே 40 கி.மீ. வேகத்துக்குக் கத்திக்கொண்டு போகும் வண்டிகளை அடிக்கடி பார்க்க முடிகிறது.

8. பேட்டரி காரும் ஹைப்ரிடும்

டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக்கிலும் ஹோண்டா சிட்டி ஹைப்ரிடிலும் பேடில் கியரை மாற்றுவதில்லை. கால் எடுத்ததும் மோட்டார் எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதை மாற்றுகிறது. இடது பேடில் பிடியைக் கூட்டும், வலது குறைக்கும். பிடித்த ஆற்றல் பேட்டரிக்குப் போகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் ஆற்றல் போக இடமில்லை. மோட்டார் பிரேக்கிங் குறைந்துவிடும், சில நேரம் இல்லாமலே போகும். ஊட்டி, கொடைக்கானல் விடுதியில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் இறங்குகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். மேலே 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். இறக்கத்தில் மிச்சத்தில் ஒரு பகுதி தானே ஏறிவிடும்.

9. ஆவணமும் செலவும்

லைசென்ஸ்: இந்தியாவில் காருக்கான எல்எம்வி (இலகுரக மோட்டார் வாகனம்) லைசென்ஸில் ஆட்டோமேட்டிக், மேனுவல் என்ற பிரிவு கிடையாது. ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான லைசென்ஸ், அதாவது சிங்கப்பூரில் 3ஏ, மலேசியாவில் டிஏ வைத்திருப்பவர்களும் பேடில் உள்ள காரைத் தாராளமாக ஓட்டலாம். அங்கே கணக்கு கிளட்ச் பெடல் உண்டா இல்லையா என்பதுதான்.

வாங்கும்போது: பேடில் பெரும்பாலும் மேல் வேரியன்டுகளில்தான் வரும். டெஸ்ட் டிரைவ் வண்டியில் இருந்ததால் நீங்கள் புக் செய்யும் வேரியன்டிலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிரோஷரில் அந்த வேரியன்ட் பத்தியில் இருக்கிறதா என்று பார்த்து, புக்கிங் படிவத்தில் வேரியன்ட் பெயரைச் சரிபாருங்கள். டெஸ்ட் டிரைவில் 50 கி.மீ. வேகத்தில் இடது பேடிலை இழுத்து, எத்தனை நொடியில் தானாக டி-க்குப் போகிறது, எம் நிலை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலையூர்க்காரர்களுக்கு இது சன்ரூஃபைவிட முக்கியம்.

கீழ் வேரியன்டில் பிறகு பொருத்தலாமா? பேடில் தகடுகளின் விலை பெரிதல்ல, மற்றவைதான் செலவு. ஸ்டீயரிங் வயரிங் மாற வேண்டும், சில மாடல்களில் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற மின்வயர் நாடாவும் மாற வேண்டும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் பேடிலை ஏற்க வேண்டும். ஏற்காத கம்ப்யூட்டரென்றால் எவ்வளவு செலவழித்தாலும் வேலை செய்யாது. மேலும் ஏர்பேகைக் கழற்றாமல் இந்த வேலை நடக்காது. பேட்டரி இணைப்பைப் பிரித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து செய்ய வேண்டிய வேலை அது. தெருமுனை ஆக்சஸரீஸ் கடைக்குரியதல்ல. வாரன்டி இருக்கும் வண்டியென்றால் முதலில் டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியில் "ஒன்றும் ஆகாது சார்" என்பது பிறகு வாரன்டி மறுக்கப்படும்போது உதவாது.

பேடில் சின்னதாக இருக்கிறது என்று மேலே ஒட்டும் நீட்டிப்புத் தகடு வாங்குகிறவர்கள், ஒட்டும் முன் இன்டிகேட்டர், வைப்பர் தண்டுகளில் இடிக்கிறதா என்று ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் மலிவான பசை இளகி, தகடு வளைவின் நடுவே கையோடு வந்துவிடும்.

சர்வீஸ்: கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் சாதாரண உபயோகம், கடின உபயோகம் என்று இரண்டு இருக்கும். அடிக்கடி மலை ஏறி இறங்குவது பெரும்பாலான கையேடுகளில் கடின உபயோகக் கணக்கில் வரும். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும் கிலோமீட்டர் அதில் குறைவாக இருக்கும். சர்வீஸ் ஆலோசகர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் அட்டவணையைக் காட்டிக் கேட்க வேண்டும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே சர்வீஸுக்கு விட்டால், உதிரிபாகம் வராமல் இழுத்தாலும் பயணம் கெடாது.

பழைய கார் வாங்கும்போது: பேடில் இரண்டையும் ஓட்டத்தில் சோதியுங்கள். பேடில், ஹாரன், ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பொத்தான்கள் எல்லாம் சேர்ந்து வேலை செய்யாமல், ஏர்பேக் விளக்கும் எரிந்தால் கிளாக் ஸ்பிரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் விபத்து நடந்தால் ஓட்டுநர் ஏர்பேக் விரியாமல் போகலாம். மாற்றிக் கொடுத்தபிறகு வண்டியை எடுங்கள், அல்லது அந்தச் செலவுக்கு டீலர்ஷிப்பில் எழுத்து மதிப்பீடு வாங்கி விலையில் கழியுங்கள். கழித்தால், வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே வேலையை முடித்துவிடுங்கள்.